எடை மெஷினுக்காக நான் நீக்கியது

முரளி, இந்தக் கடிதத்தைக் காகிதத்தில் எழுதவில்லை. நம் வீட்டு லேப்டாப்பில், என் லாகினில், வெறும் எழுத்தாக அடித்து அனுப்புகிறேன். காகிதத்தில் எழுதினால் யாராவது உனக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "சரி விடும்மா" என்பாய், பேச்சு அங்கேயே நின்றுவிடும். இப்படி அனுப்பினால் என் வார்த்தைகள் உன் விரலுக்கடியில் புள்ளி புள்ளியாக வரும். வேண்டிய இடத்தில் நீ நிறுத்தலாம், பிடிக்காத வரியைத் திரும்பத் தடவிப் பார்த்து என் மேல் கோபப்படலாம். முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம்தான். படித்து முடித்ததும் இதை யாருக்கு வேண்டுமானாலும் நீ காட்டிக்கொள். உன்னைப் போல் பிள்ளை உள்ள வேறு அம்மாக்கள் கண்ணில் பட்டாலும் எனக்குச் சம்மதமே.

போன வாரம் நீ வந்தபோது கூடத்தில் நின்றபடியே ஒன்று கேட்டாய். "ஞாயித்துக்கிழமை சந்தாபுராவுக்கு வரியாம்மா, வரலையா? வந்தா யமுனா வீட்டுல பேசி கல்யாணத் தேதி வைக்கலாம். வரலன்னா நாங்களே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். கோவம் எல்லாம் இல்ல. தெரிஞ்சா போதும்." நான் சமையலறையிலிருந்து வெளியே வராமலே பதில் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் இப்படி இருந்தா எப்படிடா குடும்பம் நடத்துவீங்க?" நீ "இப்படின்னா எப்படிம்மா?" என்றாய். நான் கரண்டியை வைத்தேன், எடுத்தேன், குழாயைத் திறந்தேன். "இப்படின்னா எப்படி? சொல்லேன், கேக்கிறேன்" என்று மறுபடியும் கேட்டாய். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். உன் கேள்விக்கு வருவேன் அல்லது வரமாட்டேன் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்பதை எழுதாமல் பதிலை மட்டும் எழுதினால், கழுவாத பாத்திரத்தில் பால் ஊற்றிய மாதிரி ஆகும் என்று தோன்றியது. அதனால் எடை மெஷின் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நடந்தது உனக்குத் தெரியும். அது எனக்குள் எப்படி நடந்தது என்பது தெரியாது.

நம் ஹலசூர் கோயிலில் அன்னதானத்துக்கு வரும் அரிசி பருப்பை எடை போட்டு எழுதும் வேலையை நாங்கள் பெண்கள் சிலர் முறைபோட்டுச் செய்துகொண்டிருந்தோம் அல்லவா. ஒருத்தி எழுதுவது இன்னொருத்திக்குப் புரியாது. இரண்டா ஏழா என்று வாரக் கடைசியில் நான் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வேன். கோயிலில் புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கினார்கள். அதன் பின்பக்கத்தில், ஒன்பது ஊசி உள்ள ஒரு சொருகு இருந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் இருக்குமே, சீரியல் போர்ட் என்பார்களே, அதுதான். தராசின் கூட வந்த தாளைப் படித்தேன். வைத்த எடையை அந்த ஊசி வழியாக இந்தத் தராசு எழுத்தெழுத்தாக வெளியே அனுப்பும், கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. எனக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாரும் எழுதவே வேண்டாம், அரிசி மூட்டையை வைத்தால் எடை தானாகவே என் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். செக்ரட்டரியிடம் சொன்னேன். "அதெல்லாம் இன்ஜினியர் வேலைம்மா. நீங்க பேனாலயே எழுதுங்க, அதான் சேஃப்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாமி காரியம் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் பாதிக்கு மேல் ரோஷம்தான்.

தராசை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உனக்கு அப்போது இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தாய், உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் கேட்கவில்லை. லேப்டாப்பில் ஒன்பது ஊசிக்கு இடமில்லை, அதனால் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு முனை யுஎஸ்பி, மறுமுனை ஒன்பது ஊசி இருக்கிற கேபிள் ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பையன் "லினக்ஸா ஆண்ட்டி? அப்ப டிரைவர் பேடா, எதுவும் போட வேணாம், சும்மா சொருகுங்க, வந்துடும்" என்றான். வரவில்லை. முதலில் அனுமதி இல்லை என்று வந்தது. தேடிப் படித்ததில், சீரியல் போர்ட்டைத் தொடுவதற்கு dialout என்கிற குழுவில் என் பெயர் இருக்க வேண்டுமாம். நீ எனக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டை வைத்துச் சேர்த்துக்கொண்டேன். லாகினை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போனால்தான் அது பலிக்கும் என்பது தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க வீணாயிற்று. இதெல்லாம் எனக்கு ஆனந்தமாக இருந்தது முரளி. பத்தாவது தாண்டாதவள், ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டு போகிறேன் என்று ஒரு கர்வம்.

அடுத்த பூட்டு திறக்கவில்லை. கேபிளைச் சொருகினால் ttyUSB0 என்ற பெயரில் போர்ட் தோன்ற வேண்டும். தோன்றியது. கண்மூடித் திறப்பதற்குள் மறைந்தது. பிடுங்கிச் சொருகினேன், தோன்றி மறைந்தது. வேறு ஓட்டையில் சொருகினேன், அதுவும் அப்படியே. கேபிளில் கோளாறு என்று அந்தப் பையனை மனசுக்குள் திட்டினேன். பிறகு கம்ப்யூட்டர் தன்னுள் என்ன நடந்தது என்று எழுதி வைக்கிற செய்திகளைத் திறந்து பார்த்தேன். brltty என்று ஒன்று வந்து கேபிளைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் போர்ட் போய்விடுகிறது என்று அதில் தெரிந்தது. அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். யாரோ ஒருவர் என்னைப் போலவே கேட்டிருந்தார், யாரோ பதில் எழுதியிருந்தார். இங்கிலீஷில்தான், ஆனால் எனக்குப் புரியாத இங்கிலீஷ் இல்லை. இது கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவதற்கான புரோகிராம், உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லையென்றால் தாராளமாக நீக்கிவிடலாம், பிரச்னை தீர்ந்துவிடும் என்று.

முரளி, நான் அந்த வரியைப் படித்தேன். அவசரத்தில் தாண்டிப் போகவில்லை. என் வழக்கப்படி விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தேன். படித்துவிட்டு, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று முடிவு செய்தேன். உன்னை நினைத்து, பிறகு பரவாயில்லை என்று தள்ளியிருந்தாலாவது அது ஒரு மாதிரி. அப்படிக்கூட இல்லை. உன் நினைவே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ, எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் உன் பிரெய்ல் டிஸ்ப்ளேவில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறாய், அதன் மெல்லிய சடசடப்பு எனக்குக் கேட்கிறது, அப்போதும் வரவில்லை. நீக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

உன் டிஸ்ப்ளேவில் புள்ளிகள் அந்த இரவு எழுந்துகொண்டுதான் இருந்தன, ஏனென்றால் நீ அப்போது உன் ஆபீஸ் லேப்டாப்பில் சொருகியிருந்தாய். இங்கே என் தராசு பேச ஆரம்பித்தது. முதலில் குப்பை குப்பையாக எழுத்துகள் வந்தன. எழுத்து அனுப்பும் வேகம் பொருந்தவில்லை என்று புரிந்து 9600 என்று வைத்தேன், உடனே எடை தெளிவாக வந்தது. சாமி அறையிலிருந்த வெல்ல டப்பாவைத் தராசில் வைத்தேன், ஸ்க்ரீனில் வந்தது. எடுத்தேன், பூஜ்யம் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெல்லம் குறைஞ்சிருக்கு, யாரு திங்கிறா?" என்றார். நீயும் அறையிலிருந்து வந்தாய். "அம்மா, நீயே போர்ட்டைப் பிடிச்சுட்டியா? ஆபீஸ்ல எங்க ஆளுங்களே இதுக்கு ஒரு நாள் எடுத்துக்குவாங்க" என்று என் தோளைத் தட்டினாய். நான் வெட்கப்பட்டேன். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

மறுநாள் காலை இன்டர்வியூ. இப்போதிருக்கிற ஆபீஸின் லேப்டாப்பில் வேறு ஆபீஸ் இன்டர்வியூ செய்வது நியாயமில்லை என்று நீ வீட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டாய். அந்த நியாயம் உன்னுடையது. நான் விளக்கேற்றி விபூதி வைத்துவிட்டேன். "அவங்ககிட்ட எதுக்கு முன்னாடியே சொன்னே?" என்று அந்த நேரத்தில்கூடக் கேட்டேன். "எதைச் சொன்னேன்?" என்றாய். "அதான்" என்றேன். நீ சிரித்துவிட்டு உட்கார்ந்தாய். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். "ஒன் மினிட் சார்" என்றாய். பிறகு இன்னொரு தடவை. டிஸ்ப்ளேவைப் பிடுங்கிச் சொருகும் சத்தம். உன் புள்ளிகள் எழவில்லை. கம்ப்யூட்டர் வாயால் படிக்கும் குரல் மட்டும் இருந்தது, அதைத்தான் நீ கூட்டி வைத்தாய். ஒரு காதில் அது கடகடவென்று புரோகிராம் படிக்கிறது, இன்னொரு காதில் அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். எந்த வரி எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறது என்பதை விரலால்தான் உனக்குச் சட்டென்று தெரியும், காதால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் நல்லவர்கள்தான், "டேக் யுவர் டைம்" என்றார்கள். உன் குரல் போகப் போகச் சின்னதாயிற்று.

வெளியே வந்து கேட்டாய். "அம்மா, நேத்து லேப்டாப்புல ஏதாச்சும் பண்ணினியா?" நான் சொன்னேன், "கோயில் தராசு மட்டும்தான்டா. உன் மெஷினை நான் தொடவே இல்லையே." அது உண்மை என்றே நினைத்துச் சொன்னேன். நீ உடனே ஒத்துக்கொண்டாய். "பஸ்ல பையை இடிச்சிட்டேன்மா, அதுல உள்ள லூஸாகி இப்ப போயிருக்கும். என் தப்புதான்." வேறு எதிலும் சொருகிப் பார்க்காமலே மெஷினைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாய். அந்த வேலை கிடைக்கவில்லை. பல நாள் நீ பஸ்ஸைப் பற்றியே பேசினாய், எந்தத் திருப்பத்தில் இடித்தது, பையை மடியில் வைத்திருக்கலாமே என்று. நான் சாப்பாடு போட்டபடி "விடுடா, முருகன் வேற வழி காட்டுவான்" என்றேன். என் தப்பை உன் தலையில் சுமக்கவிட்டு, சாமியை வேறு சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

பிறகு பழுது பார்க்க என்று டிஸ்ப்ளேவை உன் சிநேகிதன் வீட்டுக்கு எடுத்துப் போனாய், அங்கே அது ஜம்மென்று வேலை செய்தது. திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எதையோ தேடினாய். என்னென்ன சேர்த்தது, என்னென்ன நீக்கியது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாய். சத்தம் போடவில்லை. "அம்மா, brltty-ஐ எடுக்கச் சொல்லி எங்க படிச்சே? என்ன போட்டிருந்துச்சு?" சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது பாதியில்தான் எனக்கே காதில் விழுந்தது, நான் என்ன சொல்கிறேன் என்று. நீ கேட்டாய், "அதைப் படிச்சப்ப உனக்கு யாரு ஞாபகம் வந்தாங்க?" நான் "யாரும் வரலடா" என்றேன். அப்பா கூடத்திலிருந்து "என்னடி பதில் இது?" என்றார். நீ என் கையிலிருந்த கீரைக்கட்டை வாங்கி, இரண்டு தண்டு ஆய்ந்துவிட்டு, "சரி விடும்மா" என்றாய். ஒரு மாதத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பிடித்து சந்தாபுரா பக்கம் ரூம் எடுத்துப் போய்விட்டாய். தூரம் அதிகம் என்று சொன்னாய். நானும் தூரம் என்றே எல்லோரிடமும் சொன்னேன்.

யாரும் நினைவுக்கு வராதது எப்படி என்று அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டில் ஒரு வார்த்தையைச் சொல்லாமலே வைத்திருந்தால் அது எந்த ஆளைக் குறிக்கிறது என்பதே மறந்துபோகும் போலிருக்கிறது. உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து "பார்வை கொஞ்சம் கம்மி" என்றுதான் நான் சொல்லிவந்தேன். ஸ்கூலில், அக்கம்பக்கத்தில், அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட அப்படித்தான். கண் தெரியாதவர்கள் என்றால் எனக்கு அவர்கள் வேறு எங்கோ இருப்பவர்கள், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் கைத்தாங்கலாக நான் பஸ் ஏற்றிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ளும் யாரோ. என் பிள்ளைக்குப் பார்வை கம்மி, அவ்வளவுதான். அதனால் அந்த வரியைப் படித்தபோது என் மனசு யோக்கியமாகவே, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டது.

கிருஷ்ணகிரியில் உன் அத்தை பெண் கல்யாணம் நினைவிருக்கிறதா? மண்டப வாசலில் உன் மடக்குக் குச்சியை வாங்கி என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். "என் கையைப் பிடிச்சுக்கோ, அது எதுக்கு இங்க" என்றேன். நீ அப்போது காலேஜ் படிக்கிற பையன், என் கையைப் பிடித்துக்கொண்டாய். சாப்பிட்டு முடித்ததும் உன்னைக் கைகழுவும் இடத்தில் விட்டேன், யாரோ கூப்பிட்டார்கள், போனேன், பேச்சில் மறந்தேன். திரும்பி வந்தபோது பந்தியே மாறியிருந்தது. நீ அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி, ஈரக் கையை முன்னால் நீட்டினபடி நின்றாய். ஆட்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரையும் கூப்பிட்டு நீ உதவி கேட்கவில்லை. கேட்டால் அம்மா மறைத்தது வெளியே தெரிந்துவிடும் என்று நின்றிருக்கிறாய். குச்சி இருந்திருந்தால் நீயாகவே நடந்து வந்திருப்பாய். நான் அன்றைக்கு ஓடிவந்து உன் கையைத் துடைத்துவிட்டு, "நல்லவேளை யாரும் கவனிக்கல" என்றேன். அதைத்தான் சொன்னேன் முரளி.

வேண்டுதலும் அப்படித்தான். எத்தனை மலை ஏறியிருப்போம், என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீ ஏறுவாய். சன்னதியில் நான் உரக்கவே கேட்பேன், என் பிள்ளைக்குக் கண்ணைக் கொடு என்று. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் படி இறங்கும்போது, "அம்மா, முருகன்கிட்ட வேற எதுவுமே கேக்க மாட்டியா எனக்கு?" என்றாய். "வேற என்னடா வேணும்?" என்றேன். "மேத்ஸ் பரீட்சை இருக்கு" என்றாய். நான் சிரித்தேன். இன்று அது சிரிப்பாக இல்லை. இருக்கிற பிள்ளைக்கு எதுவும் கேட்காமல், இல்லாத ஒரு பிள்ளையைத் தரச் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சாமி மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் காதில் விழுந்ததெல்லாம் என் பிடிவாதம்தான். அதைக் கேட்டுக்கொண்டு உன்னை நன்றாகவே வைத்திருக்கிறான்.

நீ போன வாரம் கிளம்பிப் போன பிறகு நான் முதலில் லேப்டாப்பைத்தான் திறந்தேன். நான் நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். நான் நீக்கிய நாளிலிருந்து அது இல்லாமலே லேப்டாப் கிடந்தது, நீயும் சேர்க்கவில்லை, உனக்கு அந்த லேப்டாப் வேண்டியிருக்கவில்லை. சேர்த்துவிட்டுத் தராசுக் கேபிளைச் சொருகினால் போர்ட் மறுபடி தோன்றி மறைந்தது. இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்பாமல் வழி தேடினேன். விஷயம் ரொம்பச் சின்னது. என் மலிவுக் கேபிளில் இருக்கிற சிப்புக்கு ஒரு அடையாள எண் உண்டு. ஏதோ ஒரு பிரெய்ல் மெஷினிலும் அதே எண்ணாம். அதனால் கேபிளைச் சொருகியதும் அந்தப் புரோகிராம் தன் ஆள் வந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்து பிடித்துக்கொள்கிறது, பாவம். எந்தெந்த எண்ணைப் பிடிக்கலாம் என்று ஒரு கோப்பில் வரிசையாக இருக்கிறது. அதில் இந்த எண் உள்ள ஒரு வரியை மட்டும் செல்லாததாக்கினால் போதும். உன் டிஸ்ப்ளேவின் எண் வேறு, அதை இது தொடாது. இப்போது இரண்டும் இருக்கிறது. இந்த வழியும் அதே பக்கத்தில், அதே கேள்விக்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்திருந்தால் கண்டிருப்பேன். உன்னை நினைத்திருந்தால் தள்ளிப் படித்திருப்பேன்.

அதோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, பஸ் மாறி மாறி சந்தாபுராவுக்குப் போனேன். யமுனாவுக்கு முதல் நாளே போன் செய்திருந்தேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிருந்தார், அவள் மட்டும் இருந்தாள். கதவைத் திறந்து, "வாங்க ஆண்ட்டி, செருப்பை இடது பக்கம் விடுங்க, வலது பக்கம் விட்டா நான்தான் தடுக்கி விழுவேன்" என்றாள். காபி போடப் போனாள். பாலைப் பொங்க வைத்து இறக்குகிறாள், டம்ளரில் ஊற்றுகிறாள், நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்தே, "ஆண்ட்டி, நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. விடுங்க. காபி கொட்டாது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காபியில் சர்க்கரை அதிகம். அதை மட்டும் நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு வாக்கில், "எடை மெஷினை நீங்களே கம்ப்யூட்டர்ல சேத்தீங்களாமே. முரளி பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லி பெருமை அடிச்சுக்கிறார்" என்றாள். "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லலையா?" என்று கேட்டேன். "என்ன ஆச்சு?" என்றாள். நீ சொல்லவேயில்லை. அத்தனை நாளாகப் பேசுகிற பெண்ணிடம் அம்மாவின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் சொல்லியிருக்கிறாய். நான் மிச்சத்தைச் சொன்னேன். நீக்கியது, இன்டர்வியூ, கீரைக்கட்டு, எல்லாம். அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "அது தப்பு ஆண்ட்டி" என்றாள். "நானா இருந்தா உங்ககிட்ட ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்." நான், "ஆமாம்மா" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் ஒருத்தர் ஒழுங்காகக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. மூச்சு கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

"வீட்டுல அவரைப் பத்தி எப்படிச் சொல்வீங்க? யாராச்சும் கேட்டா?" என்றாள். "பார்வை கொஞ்சம் கம்மின்னு" என்றேன். "கொஞ்சமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆண்ட்டி, எனக்குக் கண்ணு தெரியாது. சுத்தமா தெரியாது. அவருக்கும் தெரியாது. இதைச் சொன்னா வாய் வெந்துடாது, சொல்லிப் பாருங்க." நான் அங்கே சொல்லவில்லை, வரவில்லை. தலையை ஆட்டினேன். உடனே, "தலையை ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இந்தப் பெண்ணிடம் தப்பிக்க முடியாது முரளி. நீயும் தப்பிக்க முடியாது, சொல்லி வைக்கிறேன்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லும் தகுதி குறைவு, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீ மன்னிப்பதில் அவசரக்காரன். எதிராளி தன் தப்பை எண்ணி முடிப்பதற்குள் "சரி விடு" என்று சொல்லிவிடுகிறாய். அது நல்ல குணம் என்று நான் வளர்த்தேன், எனக்குச் சௌகரியமாக இருந்ததால் வளர்த்தேன். யமுனாவிடம் அப்படி இருக்காதே. அவள் மேல் கோபம் வந்தால் கோபப்படு, அவள் கோபப்பட்டால் உட்கார்ந்து கேள். என்னிடமும் இனிமேல் அப்படியே இரு. அந்த வேலை போனதற்கு நீ என்னை இன்னும் திட்டவில்லை. அதை நான் மறக்கவில்லை, நீயும் மறந்த மாதிரி நடிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எதற்கும் பெயர் சொல்லிப் பேசுங்கள். இருட்டு என்றால் இருட்டு, கடன் என்றால் கடன், பயம் என்றால் பயம்.

இன்று காலை பூஜை முடித்ததும் உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். முரளிக்குப் பெண் பேசப் போகிறோம் என்றதும் சந்தோஷப்பட்டார். "பொண்ணு எப்படிம்மா?" என்றார். அப்பா பேப்பரைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான், "பொண்ணுக்குக் கண்ணு தெரியாது மாமா. நம்ம முரளிக்கும் கண்ணு தெரியாது. ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை தேதி பேசப் போறோம், நீங்க முன்னால நிக்கணும்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். பிறகு மெதுவாக, "கம்மின்னுதானேம்மா சொல்லிக்கிட்டிருந்தே இத்தனை வருஷமா?" என்றார். "பொய் சொன்னேன் மாமா. என் வெட்கத்துக்குச் சொன்னேன். பிள்ளை மேல ஒரு குறையும் இல்ல" என்றேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்களுக்கெல்லாம் தெரியும்மா. நீ வருத்தப்படுவேன்னு நாங்க சொல்றதில்ல" என்றார்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பா பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார், அதற்குப் பின்னால் அவர் அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. பெரியப்பா அடுத்ததாகக் கேட்டது, கல்யாணம் கோயிலிலா மண்டபத்திலா என்பது. அதை முரளியும் யமுனாவும் சொல்வார்கள், நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்றேன். அது முடியாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முயற்சி செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்துக்கொண்டு நானும் அப்பாவும் பெரியப்பாவுமாக மூன்று பேரும் வருகிறோம். யமுனாவின் அம்மாவிடம் சொல்லிவிடு, எங்களுக்கென்று விசேஷமாக எதுவும் செய்ய வேண்டாம்.

அம்மா